மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவனுக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்துவிட்டது என்றால் சொந்தக்காரர் முதலில் சொல்வது, "கவனம், பாயோட ஒட்ட வைச்சுப்போடுவாங்கள்" என்பதுதான். மந்திரம், செய்வினை என்று எதையாவது செய்து அங்கேயே மாப்பிள்ளையாக்கி மடக்கிவிடுவார்களாம். நான் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தவன். எனக்கும் சொன்னார்கள். இப்போது வருடாந்த இடமாற்றத்துக்கு விண்ணப்பம் கோரும்போதெல்லாம் நான் படிவத்தைத் தொடாமல் இருப்பதைப் பார்த்து, "அப்பவே சொன்னனான்" என்கிறார் மாமா.

புதிதாக மாற்றல் கிடைத்தவர்கள் தெரிந்தவர்கள் மூலம் நம்பர் வாங்கி எடுத்து, "அங்க குடும்பத்தோட இருக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பக்கம் வீடு பார்க்கிறியள்?" இந்த ஊரில் வாழ்க்கை நல்லபடி போவதும் நாறிப்போவதும் பெரும்பாலும் அதில் தங்கியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஒழுங்கைகளில் ஒன்று மாரியில் முழங்கால் தண்ணீரில் நிற்கும், மற்றதில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணல் திட்டு ஒன்று தெற்கே நீண்டு போகிறது. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் அந்தத் திட்டில்தான். நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவைச் சுற்றியும் வாவி. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை, போதனா வைத்தியசாலை, புனித மிக்கேல் கல்லூரி, 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி எல்லாம் இந்தச் சின்னத் தீவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கோட்டைமுனைப் பாலம் தாண்டினால் அரசடி, தாண்டவன்வெளி, ஊறணி என்று திருமலை வீதியோடு நகரம் வடக்கே போகிறது. வாவிக்கு அப்பால் இருக்கும் வயற்காடெல்லாம் படுவான்கரை.

புளியந்தீவில் வீடு கிடைத்தால் பாதிக் கவலை தீரும். பிள்ளைகள் நடந்து பள்ளிக்கூடம் போகலாம், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஆனால் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பழைய ஓட்டு வீடாக இருக்கும், வாடகையும் கூட. காலை ஏழு மணிக்கும் மத்தியானம் பள்ளி விடும் நேரத்திலும் மோட்டார் சைக்கிளைக்கூட அந்தத் தெருக்களில் உருட்டித்தான் போகவேண்டும்.

வெளியூர்க்காரர் அதிகம் விரும்புவது கல்லடிப் பக்கம். காரணம் தெரிந்ததே: கடற்கரைக்கு நடந்து போகலாம், மாலைக் காற்று வரும், தரை மணல் என்பதால் பல இடங்களில் மழைத்தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். ஆனால் கடலில் இருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதைக் கால்களால் நடந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கடலோர முதல் இரண்டு குறுக்கு வீதிகளில் உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. எங்கள் நண்பர் ஒருவர் கல்லடிக் கடலோரத்து டச்பார் பக்கம் இருக்கிறார். அவர் வீட்டுப் படலைப் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சரையில் தேங்காயெண்ணெயும் கோழியிறகும் எப்போதும் தொங்கும். வெளியே போகும்போது பூட்டுக்கு எண்ணெய் தடவிவிட்டுத்தான் போவார். பிரிட்ஜின் பின்பக்கம், மின்விசிறியின் திருகாணி, மோட்டார் சைக்கிள் சைலன்சர், பிள்ளையின் ஜொமெற்றிப் பெட்டி எல்லாம் துருப்பிடித்துவிடும். மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் அந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கவேண்டாம்.

கல்லடி பற்றிப் பேசும்போது 2004 டிசம்பர் 26 சுனாமியைச் சொல்லாமல் விடமுடியாது. கடலோரத்து நாவலடியில் குடும்பம் குடும்பமாக அள்ளுண்டு போனார்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்து நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பயந்து அந்தப் பக்கமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மணல் திட்டிலிருந்து வெளியேறும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வடக்கே கல்லடிப் பாலம், தெற்கே கல்முனை வீதி, நடுவில் ஆரையம்பதிக்குக் கிட்ட 2014இல் திறந்த மண்முனைப் பாலம். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் வந்தபிறகு நெரிசல் குறைந்ததென்கிறார்கள். இருந்தாலும் ஒரு சுனாமி எச்சரிக்கை வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கேதான் ஓடுவார்கள். குடிபோகும் வாரத்திலேயே வீட்டில் எல்லோரும் எந்த வழியால் போவது, எங்கே சந்திப்பது என்று பேசிவைத்துவிடுங்கள்.

சரி, வீடு பார்ப்பது எப்போது? முடிந்தால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள். இங்கே மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு அந்த மாதங்களில்தான் கொட்டும். ஜூலையில் வந்து பார்த்தால் எந்த வளவும் அழகாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் வரமுடியாதென்றால் சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற வீட்டில் புதுப் பெயின்ற் அடித்தாலும் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காரை பொருமி, சுண்டினால் உதிரும். கதவு நிலையின் அடிப்பக்கம் உளுத்திருக்கும் அல்லது அந்த அளவுக்கு மட்டும் புதுமரம் ஒட்டியிருக்கும். மதில் ஓரமாக மண் நிரப்பிய உரப்பைகள் பழசாகிக் கிடந்தால் கேள்வியே கேட்கவேண்டாம். எல்லாவற்றையும்விட நல்லது பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பது. வீட்டுக்காரர் சொல்லமாட்டார், தரகர் சத்தியமாகச் சொல்லமாட்டார். அக்கா சொல்லுவா: "மற்ற இடமெல்லாம் பறவாயில்ல தம்பி, இந்த மதகு அடைச்சா மட்டும் குசினிக்குள்ள வரும்."

அதைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது கக்கூஸ். சிரிக்கவேண்டாம். எங்களைப்போல வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் வளவுக்குள் குழி வெட்டிய மலசலகூடம்தான். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்தால் பள்ளமான வளவுகளில் குழி நிரம்பும், பிறகு தண்ணீர் ஊற்ற ஊற்ற உள்ளே போகாமல் திரும்பி வரும். வெள்ளம் வீட்டுக்குள் வராத வீட்டில்கூட இந்தப் பிரச்சினை வரும். அந்த நேரத்தில் குழியை உறிஞ்சும் மாநகர சபை பவுசருக்கு ஊரே வரிசையில் நிற்கும். தரைமட்டத்திலிருந்து இரண்டு மூன்று படி உயர்த்திக் கட்டிய கக்கூஸ் என்றால் வீட்டுக்காரர் அனுபவப்பட்டவர், அந்த வீட்டை எடுக்கலாம். குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் பாருங்கள். சின்ன வளவுகளில் இரண்டும் கைகோத்துக்கொண்டு இருக்கும்.

நல்லவேளையாகக் குடிதண்ணீருக்குக் கிணற்றை நம்பும் காலம் நகரத்தில் போய்விட்டது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் இணைப்பு இல்லாத வீடு வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் உவர், சில இடங்களில் துருக்கறை படிந்து வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கும். குளிக்க, மரத்துக்கு ஊற்ற நல்லது.

2011 ஜனவரி வெள்ளத்தைப் பற்றி இங்குள்ளவர்கள் இன்னும் கதைப்பார்கள். வயதானவர்கள் அதற்கும் மேலே போய் 1978 நவம்பர் 23 சூறாவளியிலிருந்து தொடங்குவார்கள். யாருக்கு எப்போது கலியாணம், எந்தத் தென்னை யார் வைத்தது எல்லாமே "சூறாவளிக்கு முதல்", "சூறாவளிக்குப் பிறகு"தான். மழைக்காலத்தில் கந்தோரில் தினமும் காதில் விழும் பேச்சு, "ஆத்துவாய் வெட்டியாச்சா?" என்பது. வாவி கடலோடு சேருமிடத்தை வெயில்காலத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். மேற்கே மலைப் பக்கமிருந்து வரும் வெள்ளமும் குளங்கள் திறந்துவிடும் தண்ணீரும் வாவியில் நிறைந்து, வெளியேற வழியில்லாமல் ஏறும்போது அடைத்த அந்த மணலை வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரரும் வாவியில் மீன் பிடிப்பவர்களும் ஒத்துப்போவதில்லை. நமக்கு அதில் பங்கில்லை என்றாலும், தாழ்வான பகுதியில் குடியிருப்பவர் அந்தச் செய்தியைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

மழை விட்டதும் டெங்கு. ஜனவரி, பெப்ரவரியில் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாக வருவார். பூச்சட்டித் தட்டு, கூரைப் பீலி, வெட்டிப்போட்ட குரும்பைக் கோம்பை எல்லாம் பார்ப்பார். பக்கத்துக் காணி வெறும்வளவாகப் பற்றைபிடித்துக் கிடந்தால், அதன் சொந்தக்காரர் லண்டனிலோ கனடாவிலோ இருந்தால், அந்த வீட்டை எடுக்கமுன் இன்னொரு தடவை யோசியுங்கள். பிள்ளைகளுக்குப் பகலிலும் நுளம்புவலை கட்டவேண்டிவரும்.

வாடகை விஷயத்தில் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இது சொர்க்கம். வெள்ளவத்தையில் இரண்டு அறை மாடிவீட்டுக்குக் கேட்கும் காசில் இங்கே முற்றம், கிணறு, மாமரத்தோடு ஒரு வீட்டை எடுக்கலாம். ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பில் வீடும் வளவும் மகளுக்குத்தான். பெண்பிள்ளை பிறந்தாலே தகப்பன் கல் அறுக்கத் தொடங்கிவிடுவார். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் இங்கத்தைய வழக்கம். இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு. அப்படிக் கட்டிமுடித்து, மகள் படித்துக்கொண்டிருக்கும் காலத்தில் சும்மா பூட்டிவைக்காமல் வாடகைக்குக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு வீடுதான். சாவியைத் தரும்போதே வீட்டுக்கார அம்மா நேரே சொல்லிவிட்டா: "மகன், மகளுக்கு ஒண்டு சரிவந்தா மூணு மாசத்தில விட்டுத்தரணும். இப்பவே சொல்லிப்போட்டன். மறுகா மனஸ்தாபம் வேணாம்."

மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வந்தாறுமூலையில் படித்துக்கொண்டிருந்தா. அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை முடியும்வரை எங்களுக்கு நிம்மதி. பிறகு வீட்டுக்கார அம்மா தட்டத்தோடு கோயிலுக்குப் போவதைக் கண்டாலே என் மனைவிக்கு வயிற்றைக் கலக்கும். சாதகம் பொருந்திவிட்டதாம் என்று யாரோ சொன்னால் நாங்கள் வீடு தேடத் தொடங்கவேண்டும். கடைசியில் மாப்பிள்ளை கிடைத்தார், நல்ல பையன். நாங்கள் கலியாணத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அடுத்த மாதம் சாமான் ஏற்றினோம். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது எத்தனை அறை என்று கேட்பதற்கு முன், மகளுக்கு என்ன வயது என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிறா என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், வீட்டைவிடும் அறிவித்தல் காலத்தையும் முற்பணம் எப்போது திரும்பும் என்பதையும் அதில் எழுதுங்கள். இங்கே வாய்ச்சொல்லில் முடிப்பவர்கள் அதிகம். மனிதர்கள் நல்லவர்கள், அதனால்தான் எழுதக் கூச்சப்படுகிறார்கள்.

சாப்பாட்டில் இந்த ஊரை அடிக்க ஆளில்லை. யாழ்ப்பாணத்தான் இப்படி எழுதுவது அங்கே தெரிந்தால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். கல்லடிப் பாலத்தடிக்கு வெள்ளனப் போனால் வாவி மீன் துடிக்கத் துடிக்க வாங்கலாம். நல்ல இறாலும் பெரிய நண்டும் கொழும்புக்கும் அதற்கப்பாலும் போய்விடுவதால் விலை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் சின்ன இறாலும் யப்பான் மீனும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். எங்கள் வீட்டில் அடிபடுவது கூனிக்குத்தான். நகக்கண் அளவுகூட இல்லாத இறால், காயவைத்துச் சுண்டு கணக்கில் விற்பார்கள். வெறுஞ்சட்டியில் வறுத்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் சேர்த்து இடித்த சம்பல் இருந்தால் பிட்டுக்கு வேறு கறி வேண்டாம். எருமைத் தயிர் படுவான்கரைப் பக்கமிருந்து சட்டியோடு வரும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது, அதுதான் கணக்கு. வாங்கும்போது சட்டியின் வெளிப்புறம் ஈரம் கசிந்திருந்தால் தயிர் கட்டியாக இருக்கிறதென்று நினைத்துக்கொள்ளலாம், தண்ணீரை மண்சட்டி உறிஞ்சிவிட்டது.

அரிசிக்கும் ஒரு வழி சொல்கிறேன். பெரும்போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச்சில் கந்தோரில் யாராவது வயல்காரர் கட்டாயம் இருப்பார். அவரிடம் நெல் மூடையாக வாங்கி, வேண்டும்போது ஆலையில் கொடுத்துக் குற்றிக்கொள்ளுங்கள். கடை அரிசியைவிட மலிவு, தவிடும் கோழிக்கு ஆகும். ஈரநெல்லை மட்டும் அவசரப்பட்டு வாங்கிக் கட்டிவைக்கவேண்டாம்.

வெயிலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மே முதல் செப்ரெம்பர் வரை மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும். மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருவதால் காய்ந்த, சூடான காற்று. மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குள் இருந்தாலும் உதடு வெடிக்கும். பின்னேரம் கடற்காற்று திரும்பினால்தான் மூச்சு வரும். சில நாட்களில் அதுவும் வராது. இந்த மாதங்களை நினைத்து வீட்டின் கூரையைப் பாருங்கள். ஓடு முதலிடம். கொங்கிறீட் தட்டு பகலில் குடித்த சூட்டை இரவில் வாந்தியெடுக்கும். அஸ்பெஸ்டஸ் தகடு போட்டு உள்ளே சீலிங் அடிக்காத வீடு என்றால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் குடும்பம் தவிர்க்கவேண்டும். படுக்கையறை மேற்குப் பார்க்காமல் இருப்பது நல்லது.

கந்தோர் அலுவல்கள் தமிழிலேயே நடப்பது கொழும்பில் இருந்து பார்த்தவனுக்குத்தான் பெரிய நிம்மதி. பிறப்புச் சான்றிதழ், மின்சார இணைப்பு, பொலிஸில் முறைப்பாடு எதற்கும் மொழிபெயர்ப்பாளரைத் தேடவேண்டியதில்லை. வேலை மெதுவாக நடக்கும், அது வேறு. "நாளைக்கு வாங்க சேர்" என்றால் அடுத்த கிழமையாகவும் இருக்கலாம். கோபப்பட்டுக் கத்தினால் இன்னும் பிந்தும். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்தால் அன்றே முடிந்துவிடுவதையும் கண்டிருக்கிறேன். எல்லா அலுவலகத்திலும் இதுதான் சரி என்று நான் சொல்லவரவில்லை, இங்கே அப்படித்தான்.

கதை கொடுப்பதில் இவர்களை மிஞ்ச முடியாது. குடிவந்த அன்றே நாலு வீட்டிலிருந்து தேங்காயும் மாங்காயும் வரும், கூடவே எந்த ஊர், ஆருட மகன், அம்மாட ஆக்கள் ஆர் என்ற விசாரணையும் வரும். குடி என்ற வம்சப் பிரிவு இங்கே இன்னும் உயிருள்ள விஷயம். தாய்வழியாக வருவது. கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள், யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் அதன்படி. வந்தான் வரத்தானுக்கு அதில் இடமில்லை, இடம் கேட்பதும் அழகில்லை. பார்வையாளனாகப் போய் நின்றால் போதும். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு, குளிர்த்தி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அந்தச் சனத்திரளில் பிள்ளையைக் கையில் பிடித்தபடியே இருங்கள். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரும் மண்டூர் முருகனும் படுவான்கரையில். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில், அதாவது மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்த மிதவையில், பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். ஒலிபெருக்கிதான் தொல்லை. கோயில் மதிலோடு ஒட்டிய வீடு பக்தருக்கும் பாரம். திருவிழாக் காலத்தில் விடியற்காலை நாலரைக்கே தொடங்கிவிடும், இரவு பத்துக்கும் ஓயாது.

முஸ்லிம் ஊரான காத்தான்குடி பற்றி வெளியூரில் பலவிதமாகப் பேசுவார்கள். 1990இல் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கமும் நடந்த கொலைகளை இரண்டு பக்கமும் மறக்கவில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் தமிழ் ஊரான சத்துருக்கொண்டானிலும் இறந்தவர்களின் பிள்ளைகள் இன்று என் வயதுக்காரர்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது போனதில் சின்னப்பிள்ளைகள் பலர். இதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும், வந்து இறங்கியவுடன் அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது. நாள்வாழ்க்கையில் ஒருவருக்கொருவர் இல்லாமல் நடக்காது. நெல்லும் மீனும் தயிரும் ஒரு பக்கமிருந்து போகும், துணியும் ஹாட்வெயார் சாமானும் மறுபக்கமிருந்து வரும். நகரத்துக் கடைகள் அந்தியோடு அடங்கிவிடும்போது காத்தான்குடி பிரதான வீதியில் அப்போதுதான் வெளிச்சம் போடுவார்கள். பள்ளிச் சீருடைத் துணி, திரைச்சீலை, வீட்டுப் பாத்திரம் வாங்க இரவு போவதுதான் சுகம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் போய்ப் பூட்டிய கடை வாசலில் நிற்கவேண்டாம்.

பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, முதலாம் வகுப்பு அனுமதிதான் தலையிடி. பெயர்போன பள்ளிகளுக்கு வீட்டிலிருந்து தூரமும் வாக்காளர் இடாப்பில் பெயரும் புள்ளியாகும். வாடகைக்கு இருப்பவருக்கு அது எட்டாது. இடமாற்றத்தில் வரும் அரச ஊழியரின் பிள்ளைகளுக்கு என்று தனியாகச் சிறு ஒதுக்கீடு உண்டு, இடமாற்றக் கடிதத்தின் மூலப்பிரதியையும் முந்தைய ஊரில் வசித்ததற்கான ஆவணங்களையும் தொலைக்காமல் கொண்டுவாருங்கள். விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் அதிர்ஷ்டம்: அமெரிக்க யேசு சபைத் துறவிகள் வளர்த்துவிட்ட கூடைப்பந்து இன்னும் இங்கே மவுசு குறையாமல் இருக்கிறது, வெபர் மைதானப் பக்கம் மாலையில் போனால் பார்க்கலாம்.

வைத்தியத்துக்கு அவசரமென்றால் போதனா வைத்தியசாலை இருப்பது பெரிய தைரியம். ஆனால் சில துறை விசேட வைத்தியர்களைத் தனியாரில் காட்டவேண்டுமென்றால் சனி, ஞாயிறில் வெளியூரிலிருந்து அவர்கள் வரும்வரை காத்திருந்து சனல் பண்ண, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்துக் காட்ட, வேண்டும். தனியார் இடமொன்றில் என் மனைவிக்கு எட்டாம் நம்பர் என்று சொல்லிவிட்டு, வைத்தியர் வராததை இரவு ஒன்பது மணிக்குத்தான் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் புறப்படும் முன் போன் எடுத்து, "டொக்டர் வந்து இருக்கிறாரா" என்று கேட்காமல் போவதில்லை.

ஊருக்கு உண்மையான குறை என்றால் வேலை. அரச உத்தியோகம், வங்கி, தொண்டு நிறுவனம், வயல், கடல், கடை. இவற்றுக்கு வெளியே தேர்ந்த வேலை தேடுபவருக்கு இடம் குறைவு. கணவனுக்கு மாற்றல் கிடைத்து மனைவி தனியார் வேலையை விட்டுவரும் குடும்பங்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும். என் மனைவி கணக்கியல் படித்தவ. இங்கே சொன்ன சம்பளத்தைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டா. இப்போது கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறா. நகரத்துக்குள் பைபர் இணைப்பு கிடைப்பதால் அது ஓடுகிறது. படுவான்கரையில் வீடு எடுத்திருந்தால் நடந்திருக்காது.

சொந்தக்காரர் பார்க்க வந்தால் எல்லோரும் கேட்பது பாடும் மீனை. முழுநிலா இரவில், காற்றடிக்காத மாதத்தில், பாலத்தடியில் வள்ளத்தில் போய்த் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்தால் கேட்குமாம். மீனா, சிப்பியா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குக் கேட்டது பாலத்தில் போன மோட்டார் சைக்கிள். வந்தவர்களைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போங்கள், முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம், சின்னப்பிள்ளைகளுக்குப் பயமில்லை. கல்லடிக் கடல் அப்படியல்ல. கரையிலேயே ஆழம் பறிந்து இழுக்கும், கால் நனைப்பதோடு நிறுத்தவேண்டும். வாவிக் கரையில் முதலை நடமாட்டமும் உண்டு, பற்றை மூடிய இடங்களில் இறங்கிக் கைகால் கழுவவேண்டாம்.

போக்குவரத்தை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும், பலர் மனமாறுவது இதில்தான். கொழும்புக்கு ரயிலில் எட்டு ஒன்பது மணித்தியாலம், இரவு பஸ்ஸும் கிட்டத்தட்ட அதே. பொலன்னறுவை தாண்டிய காட்டுப் பாதையில் யானை குறுக்கிட்டால் ரயில் நிற்கும், நேரத்துக்கு வந்து சேரும் என்று நினைத்துக் காலை ஒன்பது மணி நேர்முகத்துக்குப் போகக்கூடாது. யாழ்ப்பாணத்துக்கு நேர் ரயில் கிடையாது, மாகோவில் இறங்கி மாறவேண்டும், ஆகவே பஸ்தான். படுவான்கரைப் பக்கமும் பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் தனியே போகவேண்டாம், யானைக்கு லைட் வெளிச்சம் பிடிக்காது. நீண்ட வார இறுதிகளுக்கும் சித்திரை வருடத்துக்கும் ரயில் ஆசனம் முன்பதிவு திறக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள். இரண்டு நாள் பிந்தினால் பஸ்ஸில் பின் ஆசனம்தான் கிடைக்கும், ஹபரணை வரை நித்திரை வராது.